காளானுக்குக் கிடைத்த வான்

போன கிழமை வாகீசன் போன் எடுத்தான். நான் குசினியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"அம்மா, சுகமோ? உங்கட மகன் வாகீசன் கதைக்கிறன்."

எனக்கு மகன் இல்லை. இரண்டும் பெண்பிள்ளைகள். வாகீசன் எங்களைக் காளான் பண்ணைக்கு ஏற்றிக்கொண்டு போன வானின் சொந்தக்காரன். பண்ணைக்குள் எங்களுக்குச் சூப்பர்வைசரும் அவன்தான்.

"ஃபாமில ஒரு விழா வைக்கினம் அம்மா. கொரோனா நேரம் வேலை செய்த ஆக்களுக்கு நன்றி சொல்லுறதுக்கு. பேப்பர்காரர் வந்து படம் எடுப்பினம். நீங்களும் ரீற்றாம்மாவும் கட்டாயம் வரவேணும். நானே வந்து ஏத்துறன்."

 எனக்கு எப்போதும் வாய் உடனே திறக்காது.

"இன்னொண்டு அம்மா. ரீற்றாம்மாவின்ர கேக் இருந்தா நல்லா இருக்கும். பழைய மாதிரி ஒரு தட்டு கொண்டுவரச் சொல்லுங்கோவன்."

போனை வைத்துவிட்டேன்.  ஆய்ந்த கீரையையும் ஆயாத தண்டையும் ஒன்றாக வாரிக் குப்பையில் போட்டுவிட்டு, எதற்குப் போட்டேன் என்று தெரியாமல் நின்றேன். அவ்வளவு கோபம்.

நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள். இந்தப் பத்திரிகையை மரண அறிவித்தல் பார்க்கத்தான் எடுப்பேன். இதற்கு எழுதுவேன் என்று நினைத்ததில்லை. கோயிலில் புதிதாக வந்த பெண்கள் சிலர், "அன்ரி, நீங்கள் மஷ்ரூம் ஃபாமில வேலை செய்தனீங்களாம், எப்பிடி வேலை? வான்காரரின்ர நம்பர் இருக்கோ?" என்று கேட்பார்கள். நான் சிரித்துவிட்டு நழுவிவிடுவேன். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

கனடாவுக்கு வந்து முதல் சில வருடம் பேரப்பிள்ளைகளைப் பார்த்தேன். அவர்கள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் மகளின் வீட்டில் சும்மா இருந்து சாப்பிடக் கூச்சமாக இருந்தது. இங்கிலிஷ் தேவையில்லாத வேலை என்று சொன்னார்கள். வெக்ஸ்போர்ட்டில் எங்கள் கட்டடத்தடியில் வான் வந்து நிற்கும். 401 நெடுஞ்சாலையில் கிழக்கே போய், அஜக்ஸ் ஊரையும் தாண்டி, வீடுகள் முடிந்து வயல் தொடங்கும் இடத்தில் பண்ணை. வேலை பழகியது ஒரு கிழமையில். செய்தது பத்து வருடத்துக்கு மேல்.

காளானை இழுத்துப் பிடுங்கக்கூடாது. மூன்று விரலால் தொப்பியைப் பிடித்து மெல்லத் திருக வேண்டும். கொஞ்சம் அழுத்தினாலும் விரலடையாளம் பிறகு மண்ணிறமாகத் தெரியவரும். மற்றக் கையில் சின்னக் கத்தி. காம்பை வெட்டி, தொப்பி மேலே பார்க்கப் பெட்டியில் வைக்க வேண்டும். அறைக்குள் படுக்கைகள் தட்டுத்தட்டாக உயர்ந்து நிற்கும். யன்னல் இல்லை. கதவை எப்போதும் சாத்தித்தான் வைத்திருப்பார்கள். உள்ளே ஈரச் சூடு.

ஒரு படுக்கைக்கு இரண்டு பேர். ஒருத்தி இந்தப் பக்கம், ஒருத்தி அந்தப் பக்கம், நேருக்கு நேர். ஒருத்தியின் கை படுக்கையின் நடுவரைக்கும்தான் எட்டும். அங்கே இரண்டு பேரின் கையும் சந்திக்கும். ஆகவே சோடிக்குள் வேகம் ஒத்துப்போக வேண்டும். ஒருத்தி முந்திப் போனால் நடுவில் காளான் தப்பி நின்றுவிடும். தப்பி நின்றது மறுநாள் இரண்டு மடங்கு பெருத்துத் தொப்பி விரிந்துவிடும். விரிந்ததை நல்ல கடைகள் எடுக்காது. அதனால் அந்த வேலைக்கு லீவே கிடையாது. காளானுக்குக் கிறிஸ்மஸும் தெரியாது, பொங்கலும் தெரியாது.

என்னுடைய சோடி ரீற்றா. மன்னாரில் பிறந்தவள், கிறிஸ்தவ வேதக்காரி, என்னைவிட இளையவள். எங்கள் கட்டடத்திலேயே இரண்டு மாடி கீழே இருக்கிறாள். நான் வாய் திறவாதவள். அவள் வாய் மூடாதவள். இரண்டு தட்டுக்கு நடுவில் தெரியும் அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் அத்தனை வருடமும் வேலை செய்தேன்.

"பூமணியக்கா, உங்கட கையும் உங்களை மாதிரியே வெக்கப்படுது. நடுவுக்கு வரச் சொல்லுங்கோ, நான் கடிக்கமாட்டன்" என்பாள். அறை முழுக்கச் சிரிக்கும்.

வானில் எங்களுக்கெல்லாம் மூத்தவர் மட்டக்களப்புக் கமலாக்கா. அஜக்ஸில் மகள் சுலோவோடு இருந்தார். போகிற வழியில் கடைசியாக ஏறுவார். அதனால் எப்போதும் எனக்கும் ரீற்றாவுக்கும் நடுவில் நெரிந்துதான் இருப்பார். சீனி போடாத தேத்தண்ணிப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு, பண்ணை வரும்வரை கண்ணை மூடிக்கொண்டு ஏதாவது தேவாரம் முணுமுணுப்பார்.

வாகீசன் ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. இதைப் புதிதாகப் போகிறவர்கள் கவனிக்க வேண்டும். ஒருத்தி பிந்தினால் பக்கத்தில் வந்து நிற்பான். படுக்கையில் ஒரு காளானை விரல் நுனியால் தடவுவான். "அம்மா, கால் நோகுதோ? வயசு போட்டுதெல்லே. வேணுமெண்டா நாளைக்கு வீட்டில நிண்டு ஆறுங்கோவன்" என்பான். நாளைக்கு நிற்பது என்றால் அடுத்த கிழமையும் வானில் இடமில்லை என்று எல்லோருக்கும் தெரியும். கால் நோவு அந்த இடத்திலேயே மாறிவிடும். பொங்கலுக்கு ஆளுக்கொரு சீலை தருவான். கும்பிட்டுத்தான் தருவான். வெள்ளைக்காரன் ஒருவன் வந்து வெருட்டியிருந்தால் நாங்கள் ஏதாவது முணுமுணுத்தாவது இருப்போம். அம்மா என்று கூப்பிட்டுச் சீலை தருகிறவனோடு எப்படி மல்லுக்கட்டுகிறது? அவன் எங்களை மேய்த்தது அந்த ஒரு சொல்லால்.

கொரோனா வந்து ஊரெல்லாம் பூட்டிக் கிடந்தபோதும் எங்கள் வான் ஓடியது. சாப்பாட்டுச் சாமான் உற்பத்தி செய்கிறவர்கள் முக்கியமான ஆட்களாம். முக்கியமான ஆட்கள் தோளோடு தோள் ஒட்டி, முழங்காலோடு முழங்கால் முட்டிப் போனோம். அந்த நாட்களில் வாகீசன் தன் சொந்தக் காரில் எங்களுக்குப் பின்னால் வருவான். வானை ஓட்டச் சம்பளத்துக்கு வேறொரு ஆள் பிடித்திருந்தான்.

அவனுடைய பெற்ற தாய் ரூஜ் பக்கம் அவனுடைய வீட்டு மேல்மாடியில் இருக்கிறா. அந்தக் காலம் முழுக்க அவவின் சாப்பாட்டைக் கதவடியில் வைத்துவிட்டு, தள்ளி நின்று கதைத்துவிட்டு வருவானாம். "வயசான ஆள், எங்களால ஒண்டும் வந்திடக்கூடாதெல்லே" என்று எங்களுக்கே சொன்னான். நாங்களும், "நல்ல பிள்ளை" என்று தலையாட்டினோம். அந்த வானில் அவனுடைய தாயைவிட வயது கூடின இரண்டு பேர் இருந்தோம்.

பிறகு ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரம் வந்து நடுவில் நின்றான்.

"அம்மாமார், நல்ல செய்தி. கவுண்மேந்து ஃபாம்களுக்கு உதவிக் காசு குடுக்குது. எல்லாம் உங்களைப் பாதுகாக்கத்தான். இன்னொரு வான் வரும், இனிச் சீற்றுக்கு ஒராள். இந்த அறைக்குத் தடுப்புப் போடுவினம். ஆருக்கும் காய்ச்சல், வருத்தம் வந்தா வீட்டில நிண்டாலும் சம்பளம் உண்டு."

கமலாக்கா கையைக் கூப்பினார். ரீற்றா என்னை இடித்தாள். "பாத்தீங்களே அக்கா, கனடாவுக்கு எங்கட முகம் தெரிஞ்சு போச்சு!"

புது வான் வந்தது. வெள்ளை நிறம். இரண்டு வானையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, எங்களை முன்னால் இடைவெளிவிட்டு நிற்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். ஒரு கிழமை சீற்றுக்கு ஒராளாகப் போனோம். கமலாக்கா அந்தக் கிழமைதான் வானில் காலை நீட்டி இருந்தார்.

அடுத்த கிழமை புது வானின் சீற்றுகள் கழற்றப்பட்டுக் கொட்டிலடியில் கிடந்தன. சனம் வீட்டிலிருந்து சமைப்பதால் கடைகளில் காளான் கேட்டபடி இருக்கிறார்கள், கொண்டுபோய்க் குடுக்க வாகனம் காணாது என்றான். "கொஞ்ச நாளைக்குத்தான் அம்மா." வானுக்குள் தட்டு அடித்தார்கள். குளிர்காற்று வர வழி செய்தார்கள். பெட்டிக்கும் பெட்டிக்கும் இடையில் காற்றுப் போக இடம் விட்டு அடுக்கினார்கள். ஒட்டி அடுக்கினால் காளான் வியர்த்துக் கெட்டுவிடும். நாங்கள் வியர்த்தால் கெடமாட்டோம். நாங்கள் பழைய வானுக்குத் திரும்பினோம். கமலாக்கா மறுபடி நடுவில்.

அரசாங்கம் காசு கொடுத்தது. அதில் எனக்குக் குறை இல்லை. கொடுத்த பிறகு ஒருவர்கூட ஒருநாள் காலையில் வந்து வான் கதவைத் திறந்து பார்க்கவில்லையே, அதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. படம் போதும் என்று விட்டுவிட்டார்கள்.

கிறிஸ்மஸுக்கு முந்தின கிழமை சாப்பாட்டு அறைக்குத் தடுப்பு வந்தது. கண்ணாடி மாதிரித் தெளிவான பிளாஸ்டிக். மேசையில் ஆளுக்கொரு கூண்டு. அன்றைக்கு ரீற்றா கேக் கொண்டுவந்திருந்தாள். கஜுவையும் பழங்களையும் மாதக் கணக்கில் பிராண்டியில் ஊறப்போட்டு, ரவை சேர்த்துச் செய்கிற கறுத்தக் கேக். துண்டு துண்டாக வெட்டி எண்ணெய்த்தாளில் சுற்றிக்கொண்டு வருவாள். வருடா வருடம் பண்ணை முழுவதுக்கும் அவள்தான் கிறிஸ்மஸ்.

வாகீசன் போனைத் தூக்கினான். "அம்மாமார், மாஸ்க்கைக் கழட்டுங்கோ, முகம் தெரியவேணும். சிரியுங்கோ!"

ரீற்றா சிரித்தபடியே தடுப்பின் விளிம்பால் கையை நீட்டி எனக்கு ஒரு துண்டைத் தந்தாள். நானும் கையை நீட்டினேன். படுக்கையின் நடுவில் சந்திக்கிற மாதிரியே இரண்டு கையும் சந்தித்தன. எங்கள் ஆட்களில் யார் பக்கத்திலிருப்பவளுக்குக் கொடுக்காமல் கேக் தின்பார்கள்? படம் எடுத்து முடிந்ததும் வாகீசனும் வந்து இரண்டு துண்டு எடுத்தான். "ரீற்றாம்மா, உங்கட கையைக் கொண்டுபோய்க் கண்காட்சியில வைக்கவேணும்" என்றான்.

கிறிஸ்மஸ் முடிந்த கையோடு ரீற்றாவுக்கு இருமல் தொடங்கியது. வீட்டில் நிற்கப்போகிறேன் என்று அவள் வாகீசனுக்குப் போன் எடுத்தபோது நான் பக்கத்தில் நின்றேன். ஸ்பீக்கரில்தான் கதைத்தாள்.

"தம்பி, காய்ச்சலும் இருக்கு. வருத்தமெண்டா சம்பளத்தோட நிக்கலாம் எண்டு சொன்னனீங்களெல்லே?"

"உது சும்மா தடிமன் ரீற்றாம்மா. அந்தச் சம்பளம் ஃபாமின்ர நேர் ஆக்களுக்கு, வான் ஆக்களுக்கில்லை. ரெண்டு அறை மஷ்ரூம் விரிஞ்சுகொண்டு வருது. உங்களை விட்டா எனக்கு ஆர் இருக்கினம்? ஒரு பனடோலைப் போட்டிட்டு வாங்கோ, என்ர அம்மாவெல்லே."

அவள் போனாள். யன்னல் திறக்க முடியாத குளிர். ஹீற்றர் சூட்டில் வான் கண்ணாடியெல்லாம் எங்கள் மூச்சு. நடுவில் கமலாக்கா. யாரிடமிருந்து யாருக்குத் தொற்றியது என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. எந்த இடத்தில் என்று மட்டும் எனக்குத் தெரியும்.

வானில் பாதிப்பேர் விழுந்தோம். எனக்கு ஒரு மாதம் மணமும் இல்லை, உருசியும் இல்லை. ரீற்றாவை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். கமலாக்கா போனவர் திரும்பி வரவில்லை.

சுகாதாரப் பகுதியினர் எனக்குப் போன் எடுத்தார்கள். மொழிபெயர்க்க ஒரு பிள்ளை, இந்தியத் தமிழ்.

"அம்மா, எங்ககிட்ட ஒரு போட்டோ இருக்கு. தடுப்பைத் தாண்டி ஒருத்தங்க சாப்பாடு குடுக்குறாங்க. வாங்குறது நீங்களா?"

"ஓம்."

"வேலை இடத்துல எப்பவும் சாப்பாடு பகிர்ந்துக்குவீங்களா?"

"ஓம் பிள்ளை."

"வண்டி ரெண்டு இருக்கு, இல்லையா?"

"ரெண்டாவது வானில மஷ்ரூம்தான் போறது பிள்ளை. நாங்கள் எல்லாரும் ஒண்டில."

 அந்தப் பிள்ளை இங்கிலிஷில் ஏதோ சொன்னாள். நான் சொன்னதைவிடச் சின்னதாகத்தான் இருந்தது. அந்தப் பக்கத்தில் இருந்தவர் "தாங்க் யூ" என்றார். அவ்வளவுதான். தொற்று வந்தது தொழிலாளர் தங்களுக்குள் சாப்பாடு பங்கிட்டதால் என்று முடிந்துபோனது.

நான் சுகமாகி வேலைக்குப் போனபோது அதே படம் பெரிதாகப் பண்ணை வாசலில் தொங்கியது. தடுப்பும் எங்கள் சிரிப்பும் தெரிந்தன. ரீற்றாவின் கையும் கேக்கும் இருந்த பக்கத்தை வெட்டியிருந்தார்கள். காசைச் செலவழித்தோம் என்று காட்ட வெட்டின படம். குற்றம் எங்களுடையது என்று காட்ட வெட்டாத படம். ஒரே படத்தில் இரண்டு வேலை பார்த்தார்கள். நான் அந்தக் கிழமையோடு நின்றுவிட்டேன். "என்னம்மா, மகனோட கோபமோ?" என்று கேட்டான். வீட்டில் வேலை என்றேன். அன்றைக்கும் என் வாய் திறக்கவில்லை.

இதெல்லாவற்றையும்விடக் கெட்டது ஒன்று உண்டு. கமலாக்கா செத்ததற்குத் துக்கம் விசாரிக்கச் சுலோவுக்குப் போன் எடுத்தேன். அந்த நேரம் செத்தவீட்டுக்கு ஆட்கள் போக முடியாது, வீடியோவில்தான் பார்க்கலாம்.

"அன்ரி, ரீற்றா அன்ரி வருத்தத்தோட எல்லாருக்கும் சாப்பாடு குடுத்தவவாமே. வாகீசன் அண்ணை வந்து வீட்டு வாசல் றைவ்வேயில நிண்டு சொன்னவர். எவ்வளவு சொல்லியும் அவ கேக்கேல்லையாம்." குரல் உடைந்தது. "அவவுக்கு வீடியோ லிங்க் அனுப்பிப்போடாதேங்கோ அன்ரி. என்ர அம்மாவை அவ பாக்கவேண்டாம்."

ஆஸ்பத்திரியால் வந்த ரீற்றா மூச்சு இழுக்க இழுக்க என்னிடம் கேட்டாள்: "லிங்க் வந்ததோ அக்கா?" நான் நிலத்தைப் பார்த்தேன். அவளுக்கு விளங்கிவிட்டது. அத்தனை வருடம் என் முகத்தைப் பார்த்து வேலை செய்தவள்.

அதற்குப் பிறகு ரீற்றா கேக் செய்யவில்லை. மாதா கோயில் சாப்பாட்டுக்கும் ஒன்றும் கொடுப்பதில்லை. என்னுடைய வீட்டுக்கு வந்தாலும் தன் கையால் ஒன்றும் எடுத்துத் தரமாட்டாள். அவள் கேக் சுடுகிற அடுப்புக்குள் இப்போது சட்டியும் தாச்சியும்தான் அடுக்கி இருக்கின்றன. வேகமாக நடக்க முடியாது, படி ஏற முடியாது. அதைப் பற்றி ஒருநாளும் முறையிட்டதில்லை. "கமலாக்காவை நான்தான் கொண்டனான்" என்பதை மட்டும் அடிக்கடி சொல்லுவாள். நான், இல்லை என்பேன். அவள் நம்பமாட்டாள். என் சொல் எங்கே நின்று பிடிக்கும்?

அந்தக் கேக்கைத்தான் வாகீசன் ஒரு தட்டு கேட்கிறான்.

இறங்கிப் போய் ரீற்றாவிடம் சொன்னேன். கனநேரம் அந்தக் கேக் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நஞ்செண்டு சொன்ன கேக்."

"ஓம்."

"ரெண்டு துண்டு திண்டவனெல்லே அவன்? அவனுக்கு ஏன் ஒண்டும் வரேல்லை அக்கா?"

"அவன் வானில வரேல்லை ரீற்றா."

அவள் என் பக்கம் திரும்பினாள். பிறகு, "நீங்கள் உதை ஆருக்காவது சொல்லுங்கோவன் அக்கா. எனக்கு மட்டும் சொல்லி என்ன?" என்றாள்.

அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். இறந்தவரின் பெயரைக் கேளாமல் போடக்கூடாது என்று, எழுதினதைச் சுலோவுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். என் வாசிப்பு மெல்லத்தான் போகும். கேக் வருகிற இடத்தில் அவள் மறித்தாள்.

"அன்ரி, கொஞ்சம் நில்லுங்கோ. அந்தச் சாப்பாடு எண்டு சொன்னது கேக்கோ? எண்ணெய்த்தாளில சுத்தினதோ?"

"ஓம் பிள்ளை. வேற ஒண்டும் இல்லை."

 

"அம்மா அதைத் தின்னேல்லை அன்ரி. சுகர் எல்லோ அவவுக்கு. வீட்ட கொண்டுவந்து என்ர பெடியனுக்குக் குடுத்தவ. அவன் பாதியைத் திண்டான். மிச்சத்தை நான் திண்டனான்." அழுதாளா சிரித்தாளா என்று தெரியவில்லை. "நாங்கள் அந்தக் கிறிஸ்மஸ் முழுக்கச் சுகமாத்தானே இருந்தனாங்கள். வீட்டில வருத்தம் அம்மாவுக்குத்தானே முதல் வந்தது... ரீற்றா அன்ரியின்ர நம்பர் இருக்கோ?"

கொடுத்தேன்.

மறுநாள் ரீற்றாவிடம் போனபோது குசினி நிலமெல்லாம் சட்டியும் தாச்சியும் பரந்து கிடந்தன. கேக் அடுப்பு வெறுமையாக, கதவு திறந்தபடி இருந்தது. கதிரையில் இருந்து இளைத்துக்கொண்டு அதன் உள்பக்கத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"சுலோ போன் எடுத்தவள்" என்றாள்.  "சுலோவின்ர பெடியனுக்குக் கஜு ஒத்துவருமோ எண்டு கேக்க மறந்துபோனன் அக்கா. நீங்கள் ஒருக்காக் கேளுங்கோ."

வாகீசனுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. இதுதான் பதில். கேக் இல்லை. நாங்களும் வரமாட்டோம். வாசலில் தொங்கவிட இன்னொரு படம் வேண்டுமென்றால் காளான் பெட்டிகளை வரிசையாக வைத்து எடுக்கட்டும். அரசாங்கத்தின் அந்தக் காசால் இடைவெளிவிட்டுக் காற்றோட்டமாகப் போனவை அவைதான்.